கிழக்கே நடக்க நடக்க இளமையாகும் நிலம்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. அதன் அடிவாரத்தில் கிளம்பி காரை, கருடமங்கலம், அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று கிழக்கே போய்க் கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்றால் சுமார் நூறு கிலோமீட்டர் ஆகும். அந்தத் தொலைவுக்குள் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் கல்லின் வயது, ஏறக்குறைய 250 கோடி ஆண்டிலிருந்து படிப்படியாகக் குறைந்து, கொள்ளிடம் கொண்டுவந்து போட்ட வண்டல் வரைக்கும் வந்துவிடும். இப்படி ஒரு வழி எல்லா மாவட்டத்துக்கும் வாய்க்காது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் இங்கே பிறந்து, இங்கேயே ப்ளஸ் டூ முடித்து, சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறும் வரைக்கும் இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தம்பிகளே, தங்கைகளே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை நேரங்களில் நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பேர் சேர்ந்தால் பேசுகிறேன்; மழை விட்ட மாதங்களில் விடியற்காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். பேச்சுக்கு வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் வயது, பாதிப் பேர் என் வயது. நடுவயதுக்காரர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் தாத்தாவும் பேரனும் ஒரே கல்லைப் பார்த்துப் பேசிக்கொள்ளும்படி ஆகிறது. அதில்தான் இதன் சுவை இருக்கிறது.

முதல் பேச்சில் நான் எடுத்துச்சொல்வது காலக்கணக்கு. கோடி என்று வாயால் சொல்லிவிடலாம், மனதில் நிற்காது. அதனால் ஒரு வருடத்தை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். என் ஆயுள் ஒரு சாணுக்குள் முடிந்துவிடும். ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் எடுத்து ஒரு மீட்டர்தான் ஆகிறது. காரையில் கடல் கிடந்த காலத்துக்குப் போக, பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் அளவு தூரம் நடக்க வேண்டும். பெரம்பலூர் பாறையின் வயதுக்குப் போகவோ, சென்னையிலிருந்து டில்லி வரை போயும் போதாது. இதைக் கேட்டதும் கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். பிறகு யாராவது ஒரு பையன், “அப்ப மனுசன் எங்க சார் வர்றான்?” என்று கேட்பான். அந்தக் கேள்வி உங்கள் மனதில் ஒருமுறை விழுந்துவிட்டால், பரீட்சையில் குறைந்த நான்கு மார்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய காரும் சரியான அளவுக்குச் சுருங்கிவிடும்.

கடல் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கிடந்த ஒரே பெருநிலம் பிளந்தது. நம் கிழக்குக் கரை பிறந்தது அந்தப் பிளவில்தான். கரையோரமாக நிலம் வெடித்துத் தாழ்ந்து பள்ளமானது; காவிரிப் படுகை என்று இன்று சொல்வது அதைத்தான். அப்போது உலகம் சூடாக இருந்தது, துருவங்களில் இன்றுபோல் பனிப்பாளம் இல்லை, கடல்மட்டம் மிக உயர்ந்து நின்றது. பள்ளத்துக்குள் கடல் ஏறி வந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறுவதும் இறங்குவதுமாக, நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் அது இங்கே இருந்தது. அது போட்ட சேறும் மணலும் சிப்பியும்தான் இன்றைய உத்தத்தூர், கருடமங்கலம், அரியலூர் நிலங்கள். அந்தப் படிவங்கள் கிழக்கே லேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால்தான் கிழக்கே போகப் போக இளைய அடுக்கு மேலே வருகிறது.

நடையை எப்போதும் மேற்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழசைத் தொட்டுவிட்டுத்தான் புதுசுக்கு வர வேண்டும் என்பது என் பிடிவாதம். பெரம்பலூரைச் சுற்றித் தெரிவது நைஸ் பாறை. வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மேலே இருந்த மலை முழுவதும் தேய்ந்துபோன பிறகு வெளியே வந்தது அது. பச்சைமலையில் இருப்பது சார்னோக்கைட் என்ற கருநீலக் கல். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் கிடத்திய கல் நம் பல்லாவரம் பக்கத்தைச் சேர்ந்தது. பல்லாவரத்துப் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், 1893-ல் அந்தக் கல்வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். ஆயிரம் மைலுக்கு அப்பால் கிடந்த கல்லுக்கு ஊர் சொல்ல முடிந்தது என்றால், கல் வெட்டிய இடத்தை முதலில் நன்றாகப் பார்த்த கண் இருந்ததால்தான். சொந்த ஊர்ப் பாறையைப் படிக்காதவனுக்கு வெளியூர்ப் பாறை எதுவும் பேசாது.

அடுத்து தெரணி. அங்கே வெள்ளைக் களிமண் வெட்டுகிறார்கள். அந்தக் களிமண்ணை மெல்லிய தகடாகப் பிரித்தால் இலைகள் பதிந்திருக்கும். ஈந்து, சவுக்கு மாதிரி தோற்றம் காட்டினாலும் அவை இரண்டுமே அல்ல, பூக்காத பழைய செடி வகைகள். கடல் வருவதற்கு முன் இங்கே நன்னீரும் காடும் இருந்ததற்கு அவையே சாட்சி.

பிறகுதான் காரை. முதல்முறை வருகிறவர்கள் அங்கே சத்தமே போட மாட்டார்கள். செம்மண்ணும் சாம்பல் களிமண்ணும் மழையில் அரித்து, ஓடையும் முகடுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. ஒரு மரம் இல்லை. தரையில் கண்ணாடித் துண்டு போல மின்னுவது ஜிப்சம். வெகுகாலம் கழித்து, களிமண்ணின் வெடிப்புகளில் உப்புநீரிலிருந்து படிந்து உண்டானது. நகத்தால் கீறினால் கோடு விழும். சுண்ணாம்புக்கல்லை நகம் கீறாது, கத்தி கீறும். வெங்கச்சங்கல்லில் கத்தியும் வழுக்கிவிடும். நகம், கத்தி, பொடித்த கல்லின் மேல் விட்டுப்பார்க்க இரண்டு எலுமிச்சம்பழம் - இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கல்லை அடையாளம் கண்டுவிடலாம். சுண்ணாம்புக்கல் பொடி எலுமிச்சைச் சாறில் நுரைக்கும். விலை உயர்ந்த கருவி வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

காரையில் குனிந்து பார்த்தால், விரல் நீளத்தில் ஒரு முனை கூர்மையாக, தேன் நிறத்தில் கற்கள் கிடைக்கும். அவை பெலம்னைட், கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த ஓடு. சுருள் சுருளாக இருப்பவை அம்மோனைட். வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுருள் புதிதாக இருக்காது. கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான், காரையைவிட மூத்த கடலில் வாழ்ந்தது. இதை நான் ஒரு பேச்சில் சொன்னபோது ஒரு பாட்டி எழுந்து, “அப்ப அது வெறும் நத்தையா தம்பி?” என்று கேட்டார். இல்லை பாட்டி, நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது இமயமலை இமயமலையாக ஆகும் முன் அங்கே கிடந்த கடலை என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நடைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் ஒரு பூங்காவாகவே பாதுகாக்கப்படுகின்றன. ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயது சொல்லப்படுகிறது. அந்த ஊரில் அவற்றை வக்கிராசுரனின் எலும்பு என்று சொல்வது உண்டு. படித்த பிள்ளை ஒருவன் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நிலவியல் துறை என்று ஒன்று தோன்றுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். அவர்கள் கண் தவறவில்லை. அந்தக் கண்ணுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, மரத்தின் நாரிடுக்கில் சிலிக்கா எப்படிப் புகுந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

நம் சாத்தனூரிலும் கல்மரம் இருக்கிறது. புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். 18 மீட்டர் நீளத்துக்கு ஓடையில் படுத்துக் கிடக்கிறது. எங்கோ மேற்கே நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கடலில் மிதந்து, முழுகி, சேற்றில் புதைந்து கல்லாயிற்று. பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முந்தைய வகை. பள்ளிச் சுற்றுலாவில் வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். நான் அங்கே பிள்ளைகளை உட்காரவைத்து, மரத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்கச் சொல்வேன். மரம் ஏன் இங்கே வந்தது என்பதற்கு விடை அந்தக் கடல்மண்ணில்தான் இருக்கிறது.

இங்கேதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. ஒரு கல்லைப் பற்றிய அறிவில் பாதி, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஓடையில், எந்த அடுக்கில், அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்பது தெரிந்தால் அது வரலாறு. அதை எடுத்துப் பையில் போட்டு வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டால், அழகான பொருள் மட்டும்தான். அதனால் எங்கள் நடையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். பார்க்கலாம், தொடலாம், வரையலாம், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கலாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அரிதாக ஏதாவது தெரிந்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ கல்லூரி நிலவியல் துறைக்கோ சொல்லுகிறோம். காரையில் முன்பு ஒரு நடையில் கை நிறையக் கிடைத்தவை இப்போது தேடித்தான் கிடைக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று என்று எடுத்துப்போனதன் விளைவு அது.

எழுதிவைப்பதன் அருமைக்குக் கல்லமேட்டைச் சொல்வேன். அரியலூருக்கு வடகிழக்கே உள்ள அந்த இடத்தில் கடல் பின்வாங்கி ஆற்றுமணல் சேர்ந்த காலத்தில் டைனோசர்கள் திரிந்தன. சார்லஸ் மாட்லி என்ற ஆங்கிலேயர் அங்கே எலும்புகளைத் தேடி 1929-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் மிகப்பெரிய எலும்புகளைக் கண்டு, அந்த விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்து போய்விட்டன. மிச்சம் இருப்பவை குறிப்புகளும் கோட்டோவியங்களும் சில பழைய ஒளிப்படங்களும் மட்டுமே. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி இன்றும் விவாதிக்க முடிகிறது என்றால், அந்தத் தாள்களால்தான்.

ஆனால் டைனோசர் திரிந்த நிலம் என்பதற்காக எல்லா உருண்டையும் முட்டை ஆகிவிடாது. சில வருடங்களுக்கு முன் குன்னம் பக்கம் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி கைப்பேசியில் பறந்தது, கூட்டம் கூடிவிட்டது. பார்த்த வல்லுநர்கள், அவை கடலடிச் சேறு அம்மோனைட் போன்ற எச்சங்களைச் சுற்றித் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள். ஊரில் பலருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த வாட்டம் புரிகிறது. ஆனாலும் கேளுங்கள்: டைனோசர் முட்டை உலகில் பல இடங்களில் கிடைக்கிறது. குன்னத்தில் அந்த நாளில் அந்தக் கடல் எவ்வளவு ஆழம், எவ்வளவு அமைதி என்பதைச் சொல்லக்கூடியது குன்னத்து உருண்டை ஒன்றுதான். கிடைத்த உண்மை கேள்விப்பட்ட வதந்தியைவிடச் சிறியதாகத் தெரியும்போது அதைக் கைவிடாமல் இருப்பதற்குப் பழகுங்கள். கல்யாணம், வேலை, அரசியல் எல்லாவற்றிலும் இது உங்களுக்கு உதவும்.

எங்கள் பேச்சுகளிலேயே சிறந்தவை நான் பேசியவை அல்ல. கிணறு வெட்டிய ஒரு பெரியவர் ஒருநாள் கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேசச் சொன்னேன். “எனக்கென்ன சாமி தெரியும்” என்றார். பிறகு தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். “மேல கரிசல். அதுக்கடியில சுக்கான். அதத் தாண்டினா நீலக் களி, கடப்பாரை இறங்காது, வழுக்கும். அந்தக் களியில தண்ணி ஊறாது. ஊறினாலும் உப்புக் கரிக்கும். மேக்க போய் வெட்டினா பாறை வெடிப்புல நல்ல தண்ணி வரும்.” புத்தகத்தில் நான் படித்த அடுக்குகளை அவர் தோளாலும் முதுகாலும் அறிந்து வைத்திருந்தார். ஏன் சில ஊரில் பருத்தியும் மக்காச்சோளமும், ஏன் சில ஊரில் குடிக்க வெளியிலிருந்து தண்ணீர், ஏன் இந்தத் தெருச் சுவரில் விரிசல் என்பதெல்லாம் அவர் போட்ட கோட்டிலேயே இருந்தன.

நெய்வேலியின் கதையும் அப்படித்தான். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்புத் துகள் கலந்து வந்தது. அதைச் சேறு என்று ஒதுக்காமல், என்ன என்று கேட்டார். பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று தெரிந்தது. 1956-ல் அங்கே சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் ஜெயங்கொண்டத்தின் அடியிலும் அதே நிலக்கரி படுத்திருக்கிறது. உங்கள் தெருவில் கிணறு வெட்டியவர், போர் போட்டவர், குவாரியில் வேலை பார்த்தவர் யாராவது இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.

அரியலூர் என்ற பெயர் நிலவியல் படித்த எல்லா நாட்டினருக்கும் தெரியும். 1862-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை அளந்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து எழுதினார். இங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான சிப்பிகளையும் சுருள்களையும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற இளைஞர் வரிசைப்படுத்தி நான்கு பெரிய தொகுதிகளாக எழுதினார். அவர் 1874-ல், நாற்பது வயதுகூட ஆகாமல், லடாக் பக்கம் ஓர் ஆய்வுப் பயணத்தில் இறந்துபோனார். இன்று ஜப்பானில் ஒருவர் தம் ஊர் அம்மோனைட்டை ஒப்பிட வேண்டுமானால் அரியலூர்ப் பக்கத்தைப் புரட்டுகிறார். அரியலூர்க்காரர் புரட்ட வேண்டாமா?

கடைசியாகச் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிப் பக்கம் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகள் படுக்கை படுக்கையாகக் கிடக்கின்றன. கல்லக்குடியில் அதற்கும் மூத்த பவளப்பாறை. அவற்றை வெட்டித்தான் சிமென்ட் ஆகிறது. குவாரியில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள், “அப்ப எங்க வீட்டுச் செவுரும் அந்தக் கடல்தானா சார்?” என்று கேட்டாள். ஆமாம், உன் வீடும் என் வீடும் மேம்பாலமும் அதுதான் என்றேன். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தக் கல்லில் இருக்கிறது. வெட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டும்போதுதான் அடுக்குகள் வெளியே தெரிகின்றன, மேலே நடந்து பார்த்து அறிய முடியாதவை அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. என் வருத்தம் வேறு. வெட்டி முடித்த பள்ளம் தண்ணீர் நிறைந்து, பிள்ளைகள் விழுந்து சாகும் இடமாகக் கிடக்கிறது. அல்லது ஓரம் சரிந்து, மண் மூடி, எல்லா அடுக்கும் மறைந்து போகிறது. 7 கோடி ஆண்டு ஒரு தலைமுறைக்குள் சிமென்ட் மூட்டையாகிறது. அதில் நம் பிள்ளைகள் படித்துக்கொள்ள ஒரு பக்கம்கூட மிச்சம் வைப்பதில்லை.

உங்களில் சிலர் சிவில் படிப்பீர்கள், சிலர் சுரங்கத் துறையில் அமர்வீர்கள், சிலர் ஊராட்சித் தலைவராகவோ வட்டாட்சியராகவோ வருவீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. மூடப்படும் ஒவ்வொரு குவாரியிலும் ஒரு சுவரை, பத்து மீட்டர் அகலம் போதும், சரியாமல் செதுக்கி, வேலி போட்டு, எந்த அடுக்கு எது என்று தமிழில் ஒரு பலகை எழுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள். அனுமதிக் காகிதம் எழுதும்போதே அதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.